இரக்கத்திற்கு விலை வைக்கலாமா?



சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து யாவரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில், நம்மவர் ஒருவரின் பிள்ளை ஒரு கோரிக்கையுடன் வந்து நின்றார். கால்நடை மருத்துவம் படித்துத் தேறியவர். தொண்டர் குழு ஒன்றுடன் கிழக்கு ஆப்பிரிக்காவின் ஏழைக் கிராமங்களுக்குச் சென்று, இரண்டு வார காலம் அங்குள்ள கழுதைகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் ஊதியமின்றி வைத்தியம் செய்ய விரும்புவதாகக் கூறினார். பிரயாணச் செலவு தம்முடையது என்றும், மருந்து வாங்கும் வகைக்கு மட்டும் சங்கம் உதவ வேண்டும் என்றும் கேட்டார்.

ஓர் அன்பர் உடனே, "மனிதனே பட்டினி கிடக்கிற ஊரில் கழுதைக்கு வைத்தியமா, தம்பி?" என்றார். இன்னொருவர், "வாயில்லாப் பிராணிக்குச் செய்வதும் நன்மைதானே, கொடுத்துவிடுவோம்" என்றார். ஐம்பது வருடமாக மளிகைக் கடை நடத்திவரும் ஹாஜியார் ஒருவர் மூலையில் அமர்ந்திருந்தார். அவர் கேட்டது வேறு: "தம்பி, நீங்கள் போகிற ஊரில் ஆட்டு மருந்து விற்றுப் பிழைக்கிறவன் எவனாவது இருக்கிறானா? இருந்தால், நீங்கள் இரண்டு வாரம் இனாமாகக் கொடுத்துவிட்டு வந்த பிறகு அவன் கதி என்ன?"

அந்தக் கேள்விக்கு அன்று எவராலும் விடை கூற முடியவில்லை. தம்பியும் தலை குனிந்து நின்றார். இனாமாகக் கொடுப்பது நன்மை, விலை வாங்குவது வியாபாரம் என்று இரண்டையும் வெவ்வேறு பெட்டியில் போட்டுப் பூட்டிவைத்திருக்கிறோம். கடைத்தெருவிலேயே பிறந்து வளர்ந்த நாமாவது அந்தப் பூட்டைத் திறந்து பார்க்க வேண்டாமா? அந்த எண்ணத்தில்தான் இதை எழுதத் துணிந்தோம்.

முதலில், கழுதைக்கு வைத்தியமா என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம்.

மொராக்கோ நாட்டில் ஃபெஸ் என்னும் பழம்பெரும் நகரம் உள்ளது. அதன் பழைய பகுதியில் சந்துகள் மிகக் குறுகியவை. மோட்டார் வண்டி உள்ளே நுழைய வழியில்லை. மாவு மூட்டையாயினும், பதனிட்ட தோலாயினும் கழுதை முதுகிலும் கோவேறு கழுதை முதுகிலும்தான் கடைக்கு வந்து சேர வேண்டும். "பாலக்! பாலக்!" என்று ஓட்டுகிறவன் கூவினால் ஜனங்கள் சுவரோடு ஒட்டி நின்று வழி விடுவார்கள். அந்தக் கழுதையின் முதுகில் சேணம் உரசிப் புண்ணாகிவிட்டால், ஓட்டுகிறவனுக்கு இரண்டே வழிதான். புண்ணின்மீதே மூட்டையை ஏற்ற வேண்டும். அல்லது வீட்டில் அன்று அடுப்பு எரியாது. 1927-ஆம் ஆண்டில் அந்நகரில் ஓர் அமெரிக்கப் பெண்மணியின் முயற்சியால், இத்தகைய பிராணிகளுக்கென்று இலவச வைத்தியசாலை ஒன்று திறக்கப்பட்டது. அதற்கு 'ஃபுந்துக்' என்றே பெயர் வந்தது. வணிகரும் அவர்களுடைய பிராணிகளும் தங்கும் சத்திரத்திற்கு வழங்கிவந்த சொல் அது. நம் போன்ற வியாபாரிகளுக்கு அந்தப் பெயரே எல்லாவற்றையும் விளக்கிவிடும். அங்கே பிராணி வேறு, பிழைப்பு வேறு அன்று.

ஏழையின் ஆடும் மாடும் அவனுடைய முதல். வங்கிக் கணக்கு இல்லாதவனுக்கு அதுவே வங்கி. பால் அதன் வட்டி. குட்டி அதன் லாபம். மகளுக்குக் கலியாணம் என்றாலும் மகனுக்குக் காய்ச்சல் என்றாலும் அதை விற்றுத்தான் பணம். முதல் அழிந்தால் கடை என்னவாகும் என்பதை நமக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு நாடு முழுவதற்குமே முதல் அழிந்த கதையும் உண்டு. வெக்கை நோய் எனப்படும் மாட்டுக் கொள்ளை நோய், 1880-களின் இறுதியில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட மாடுகளுடன் ஆப்பிரிக்காவின் கிழக்குப் பகுதியில் நுழைந்தது. எத்தியோப்பியாவின் மாடுகளில் பத்துக்கு ஒன்பது மடிந்தன. உழுவதற்கு எருது இல்லை. ஆகவே விளைச்சல் இல்லை. 1888 முதல் 1892 வரை நீடித்த பஞ்சத்தில் அந்நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் மாண்டிருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகின்றனர். மாடுகள் மடிந்ததால் மாண்டவர்கள் மனிதர்களே. ஆகவே மனிதனா, மிருகமா என்று தராசின் இரு தட்டில் வைத்துக் கேட்கும் கேள்வி, வயிறு நிறைந்தவர்களின் கேள்வி. ஏழையின் வீட்டில் இரண்டும் ஒரே தட்டில்தான் இருக்கின்றன.

இனி, வெளிநாட்டார் வந்து இரக்கம் காட்டுவது பற்றி.

இதற்குக் கெய்ரோவில் நடந்த ஒன்று நல்ல பாடமாகும். முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் படைக்கு உழைத்த குதிரைகளில் ஆயிரக்கணக்கானவை, யுத்தம் முடிந்ததும் எகிப்திலேயே விற்கப்பட்டன. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1930-இல், டோரதி புரூக் என்ற ஆங்கில மாது, படைத் தளபதியான தம் கணவருடன் கெய்ரோவுக்கு வந்தார். எலும்பும் தோலுமாய், கண் மங்கி, கால் நொண்டி, கல்லும் மண்ணும் ஏற்றிய வண்டிகளை இழுத்துக்கொண்டிருந்த கிழட்டுக் குதிரைகளில் தம் நாட்டுப் படைக் குதிரைகளை அவர் அடையாளம் கண்டார். 1931-இல் லண்டன் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். பணம் வந்து சேர்ந்தது. சுமார் மூன்று ஆண்டுகளில் ஐயாயிரம் குதிரைகளை அவர் விலைக்கு வாங்கினார். அவற்றில் பெரும்பாலானவை பிழைக்கும் நிலையில் இல்லை; சில நாள் வைக்கோலும் நிழலும் கொடுத்து, வலியின்றி அவற்றின் உயிரைப் போக்கினார். 1934-இல் அந்நகரின் பாரம் இழுக்கும் பிராணிகளுக்கென ஓர் இலவச வைத்தியசாலையை நிறுவினார்.

இந்த வரலாற்றில் இரண்டு செய்திகள் நம் மனத்தைத் தொடுகின்றன. முதலாவது, அவர் செய்தது தருமமா, கடன் அடைப்பா என்பது. உழைத்த குதிரைகளை விற்றுக் காசாக்கிக்கொண்டு போனது அவருடைய நாட்டுப் படைதான். ஆகவே அவர் கொண்டுவந்த பணத்தில் ஒரு பகுதியையாவது, பேரேட்டில் தருமக் கணக்கில் எழுதக்கூடாது. பழைய பாக்கி வகையில்தான் எழுத வேண்டும். அவரே அந்தக் குதிரைகளைத் தம் நாடு கைவிட்டவையாகத்தான் கண்டார். இரண்டாவது, அவர் குதிரைகளைப் பறிக்கவில்லை. விலை கொடுத்து வாங்கினார். வண்டிக்காரனைக் கொடியவன் என்று ஏசிவிட்டுக் குதிரையை அவிழ்த்துக்கொண்டு போவது அந்நாளைய ஆதிக்கக்காரர்களுக்குக் கடினமான காரியமன்று. ஆனால் மறுநாள் அவன் எதைக் கொண்டு பிழைப்பான்? இரக்கம் என்பது மெலிந்த குதிரையை மட்டும் காண்பதன்று. அதன் கடிவாளத்தைப் பிடித்து நிற்கும் மெலிந்த மனிதனையும் காண்பது.

இவ்வளவு தூரம் நம் தம்பியின் பக்கமே நியாயம் இருப்பதாகத் தோன்றும். ஆனால் ஹாஜியாரின் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

நம் கடைத்தெருவில் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஒரு கம்பத்தில் ஒருவர் சிறு முதல் போட்டு அரிசிக் கடை வைத்திருக்கிறார். வருடம் முழுவதும் வெயிலிலும் மழையிலும் கடை திறந்திருக்கிறது; வேண்டியவர்களுக்குக் கடனும் கொடுக்கிறார். ஒரு நாள் வெளியூர்ச் செல்வர் ஒருவர் லாரி நிறைய அரிசி கொண்டுவந்து இரண்டு வாரம் இனாமாக வழங்கிவிட்டு, வாழ்த்துக்களைப் பெற்றுக்கொண்டு திரும்பிவிடுகிறார். கடைக்காரரின் சரக்கு தேங்கிப் புழுத்துப்போயிற்று. கொள்முதலுக்குப் பட்ட கடனைக் கட்ட வழியின்றிக் கடையை மூடிவிட்டார். மூன்றாம் வாரம் அந்தக் கம்பத்தார் எங்கே போய் அரிசி வாங்குவார்கள்?

கால்நடை வைத்தியத்திலும் இதுவே நேருகிறது. ஏழை நாடுகளின் உட்பகுதிகளில் பட்டம் பெற்ற மருத்துவர் இருப்பது அரிது. அங்கே பல இடங்களில் உள்ளூர்க் கால்நடைச் சுகாதார ஊழியர்கள் என்போர் இருக்கிறார்கள். ஊராரே தங்களுக்குள் நம்பகமான ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்ப, அவர் சில வாரம் பயிற்சி பெற்று, குடற்புழு மருந்தும் புண்ணுக்கான மருந்தும் பையில் போட்டுக்கொண்டு மந்தை மந்தையாகச் செல்கிறார். மருந்துக்குச் சிறு விலை வாங்குகிறார். அந்த விலையில் ஒரு பகுதி மீண்டும் மருந்து வாங்கப் போகிறது. ஒரு பகுதி அவர் வீட்டு அடுப்புக்குப் போகிறது. ஆப்கானிஸ்தானத்தில் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, நெதர்லாந்தைச் சேர்ந்த உதவிக் குழுவினர் உள்ளூர் இளைஞர்களுக்கு இத்தகைய பயிற்சி அளித்தனர். சர்க்கார்கள் மாறின, படைகள் வந்தன, போயின. ஆட்டுக்கு மருந்து கொடுத்துக் கூலி வாங்கிப் பிழைத்தவர் ஊரிலேயே இருந்தார். அவரை அங்கே நிறுத்திவைத்தது ஊரான் கொடுத்த காசு.

உள்ளூர்க் கைகளால் என்ன செய்ய முடியும் என்பதற்கு வெக்கை நோயே சாட்சி. அதற்கு நல்ல தடுப்பூசியை வால்டர் பிளவ்ரைட் என்ற அறிஞர் கென்யாவில் 1960 வாக்கில் உருவாக்கினார். ஆனால் அதைக் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். ஐஸ் பெட்டியைச் சுமந்துகொண்டு பாலைவனத்து மந்தைகளைத் தேடிச் செல்வது எப்படி? பின்னர் வெப்பத்தைத் தாங்கும்படி அந்த ஊசி மருந்தைப் பக்குவப்படுத்தினார்கள். 1990-களில் எத்தியோப்பியாவின் அபார் பகுதியில், மேய்ப்பர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டோர் அதைச் சுமந்து நடந்து, பட்டணத்து அதிகாரிகள் எட்டமுடியாத மாடுகளுக்கெல்லாம் குத்தினார்கள். 1995-க்குப் பின் அந்நாட்டில் அந்நோய் தலைகாட்டவில்லை. 2011-இல் உலகமெங்கும் அது ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. மனிதரின் பெரியம்மைக்கு அடுத்தபடியாக, பூமியிலிருந்தே ஒழிக்கப்பட்ட இரண்டாவது நோய் இதுவே. இதில் வெளிநாட்டு அறிஞரின் மூளையும் உண்டு. மேய்ப்பனின் காலும் உண்டு. ஒன்றில்லாமல் மற்றொன்று போதாது.

அப்படியானால் எதற்கும் விலை வாங்குவதே சரி என்று கூறிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். நாம் வியாபாரிகளாகையால் அந்த முடிவு நமக்கு இனிக்கும். இனிப்பதாலேயே அதைச் சந்தேகிக்க வேண்டும்.

வெறிநாய்க்கடியால் உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் மாண்டுபோகிறார்கள் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ள ஏழைகள். அவர்களுள் குழந்தைகள் பலர். ஓர் ஊரின் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் பரவ வழியின்றி அடங்கிவிடும். ஆப்பிரிக்காவில் சாட் என்ற நாட்டின் தலைநகரான என்ஜமினாவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2006-இல் நாய்க்குச் சொந்தக்காரர்களிடம் விலை வாங்கி ஊசி போட்டபோது, கால் பங்கு நாய்களுக்குக்கூட ஊசி போட முடியவில்லை. 2012-இலும் 2013-இலும் இலவசமாகப் போட்டபோது எழுபது விழுக்காட்டைத் தாண்டியது. அதே நகரம், அதே ஊசி. விலை ஒன்றே வேறு. மலாவி நாட்டின் பிளாண்டயர் நகரில் 2015-இல் வெளிநாட்டுத் தொண்டர்களும் உள்ளூராரும் சேர்ந்து, சுமார் இருபது நாட்களில் முப்பத்தைந்தாயிரம் நாய்களுக்கு இலவசமாக ஊசி போட்டனர். இரண்டு வாரமோ மூன்று வாரமோ வந்து போகும் தொண்டர்களால் உண்மையான நன்மை விளையும் இடம் இதுவே.

ஆட்டுக்கு விலை வாங்குவது சரியாகவும், நாய்க்கு விலை வாங்குவது தவறாகவும் போனதேன்? ஆட்டின் வயிற்றுப் புழு ஒழிந்தால் பால் பெருகும். அந்த லாபம் ஆட்டுக்காரனுக்கே. லாபம் பெறுகிறவன் விலை கொடுக்கிறான். அதில் அநியாயம் இல்லை. நாய்க்குப் போடும் ஊசியின் லாபமோ தெருவுக்கெல்லாம் போகிறது. பக்கத்து வீட்டுக் குழந்தை பிழைப்பதற்கு இந்த ஏழை ஏன் தன் கூலியைக் கொடுக்க வேண்டும்? கொடுக்கமாட்டான், கொடுக்காததால் அவனைப் பழிக்கவும் முடியாது. எல்லாருக்கும் பொதுவான நன்மைக்கு எல்லாரும் சேர்ந்துதான் விலை கொடுக்க வேண்டும். இது தூரத்து விஷயமன்று. வெறிநோய் அற்ற நாடாகக் கருதப்பட்ட மலேசியாவில், 2015-இல் வட மாநிலங்களிலும் 2017-இல் சரவாக்கிலும் அந்நோய் தோன்றியது. உயிர்களும் பறிபோயின. வேலிகள் நாய்க்கும் நோய்க்கும் அல்ல என்பதை அன்று கண்டோம்.

இன்னும் ஒரு முடிச்சு இருக்கிறது. அதை அவிழ்க்காமல் கட்டுரையை முடித்தால் நாம் நேர்மையானவர்கள் ஆகமாட்டோம். லாபம் பெறுகிறவன் விலை கொடுக்கட்டும் என்றோம். ஆனால் ஒரே ஓர் ஆடு வைத்திருக்கும் விதவை இருக்கிறாள். மழை பொய்த்த வருடம். கையில் சல்லிக்காசு இல்லை. அவளிடம் நம் நியாயத்தை எடுத்துரைத்துவிட்டு மருந்துப் பையை மூடிக்கொண்டு போவதா? அது கணக்கில் சரியாகலாம். கல் நெஞ்சு என்பதற்கு அதுவே பொருள்.

இதற்கும் வழி உண்டு. அந்த வழியை வணிக உலகம் நன்கு அறியும். பஞ்ச காலத்தில் செல்வர் ஒருவர் ஏழைகளுக்குச் சீட்டுக் கொடுப்பார். அதைக் கடையில் காட்டினால் கடைக்காரர் அரிசி அளந்து கொடுப்பார். மாதக் கடைசியில் செல்வர் கணக்கைத் தீர்ப்பார். ஏழைக்கு அரிசி கிடைத்தது, கடையும் மூடவில்லை. பேரிடர்க் காலங்களில் கால்நடைகளைக் காப்பது பற்றி 2009-இல் உலக உதவி நிறுவனங்கள் சேர்ந்து நெறிமுறை நூல் ஒன்றை வெளியிட்டன. இதே சீட்டு முறையை அதுவும் எடுத்துரைக்கிறது. விதவை சீட்டைக் கொடுக்கிறாள். உள்ளூர் ஊழியர் ஆட்டுக்கு வைத்தியம் செய்கிறார். உதவிக் குழு அவருக்குக் கூலி கொடுக்கிறது. இரக்கம் இலவசமாயிற்று; உழைப்பு இலவசமாகவில்லை. விலையைக் கொடுப்பவர் மாறினாரே தவிர, விலை போகவில்லை. சென்ற மாதம் ஹாஜியார் தேடிய விடை இதுவென்றே நாம் நினைக்கிறோம்.

தொண்டு செய்யப் போகும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். நீங்கள் போவதால் உங்களுக்குக் கிடைப்பது கொஞ்சமன்று. புத்தகத்தில் மட்டும் கண்ட நோய்களைக் கண்ணால் காண்பீர்கள், கை பழகும், உலகம் விளங்கும். அதை மறைக்க வேண்டாம். வரவுப் பக்கத்தில் எழுதிவையுங்கள். உங்கள் வரவை அந்த ஏழைகளுக்குக் கொடுத்த பற்றாகக் காட்டுவதுதான் பொய்க் கணக்கு. வரவு பெற்றவர்கள் என்ற நினைவு இருந்தால், அங்குள்ள ஊழியரை வேலைக்காரராக எண்ணாமல் கூட்டாளியாக எண்ணுவீர்கள். உங்களுக்குத் தெரிந்த சிகிச்சையை அவருக்கும், அவருக்குத் தெரிந்த மந்தையை உங்களுக்கும் பரிமாறிக்கொள்வீர்கள். ஒரு நாளில் நூறு ஆடுகளைத் தாமே பார்ப்பதைவிட, பத்து ஆடுகளை அவர் கையால் பார்க்கச் செய்து அருகில் நிற்பது மேல். புகைப்படத்தில் அது அவ்வளவு எடுப்பாக இராது. ஆனால் நீங்கள் விமானம் ஏறிய மறுநாளும் அந்தக் கை அங்கே இருக்கும்.

இந்த மாதக் கூட்டத்திற்குத் தம்பி மீண்டும் வந்தார். நாமும் மற்ற நிர்வாகிகளும் கலந்து பேசியதைக் கூறினோம். மருந்து வகைக்குப் பணம் தருவதாக ஒப்புக்கொண்டோம். ஆனால் மூன்று நிபந்தனைகளுடன். வெறிநாய்த் தடுப்பூசி போன்று ஊர்ப் பொதுவான நன்மைக்குரியதை இலவசமாகவே கொடுக்க வேண்டும். ஆடுமாடுகளுக்கான மருந்தை, அவ்வூரில் மருந்து விற்றுப் பிழைப்பவர் இருந்தால், இங்கிருந்து சுமந்து போகாமல் அவரிடமே வாங்க வேண்டும். இயலாதவர்களுக்கு நாம் விலை கொடுப்போம். அப்படி எவரும் இல்லையெனில், பணத்தில் ஒரு பகுதியை அவ்வூரார் தேர்ந்தெடுக்கும் ஒருவரின் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும்.

தம்பி கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படிச் செய்தால் நான் பார்க்கிற பிராணிகளின் எண்ணிக்கை குறைந்துபோகுமே, மாமா" என்றார். ஹாஜியார் சிரித்தார். "குறையட்டும் தம்பி. கடையைத் திறந்த அன்றைக்கு எவ்வளவு விற்றது என்று எவனும் கேட்கமாட்டான். பத்து வருடம் கழித்துக் கடை இருக்கிறதா என்றுதான் கேட்பான்" என்றார்.

தம்பி சம்மதித்துப் போயிருக்கிறார். அடுத்த மாதம் பிரயாணம். அவர் திரும்பி வந்ததும் சங்கக் கட்டடத்தில் அவரை அமரவைத்துக் கேட்போம். எத்தனை பிராணிகளுக்கு ஊசி போட்டீர்கள் என்பதை இரண்டாவதாகக் கேட்போம். இன்று அந்த ஊரில் ஓர் ஆடு நோயுற்றால் யாரிடம் போவார்கள் என்பதையே முதலில் கேட்போம். அவர் கூறும் விடையை, அது நமக்குச் சாதகமாயினும் பாதகமாயினும், இந்த ஏட்டிலேயே அன்பர்களுக்குத் தெரிவிப்போம்.